கரீன் ரூபி: ஸ்னோபோர்டு பந்தயம் பற்றி நம் ஊரில் கேட்கும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பிப்ரவரி என்றால் வெயிலும் புயல் எச்சரிக்கையும்தான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அந்த மாதத்தில் தொலைக்காட்சி முழுக்கப் பனியாகக் கொட்டும். குளிர்கால ஒலிம்பிக் சமயத்தில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், புதுச்சேரியிலிருந்து போனில் பேசும் சொந்தக்காரர்கள் என்று பலரும் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். பனிச்சரிவில் ஒற்றைப் பலகை மேல் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டு பற்றிப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒருவரை எடுத்துக்கொண்டேன்: பிரான்சின் கரீன் ரூபி. ஏன் அவர் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

யார் இந்தக் கரீன் ரூபி?

1978 ஜனவரி 4-ஆம் தேதி பிரான்சின் ஓத்-சவுவா பகுதியில் உள்ள போன்வில் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது ஷாமோனியில், மோன் பிளாங் மலையின் அடிவாரத்தில். 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது. ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1998-இல், ஜப்பானின் நகானோவில். அங்கே பெண்களுக்கான ஜெயண்ட் ஸ்லாலம் (நட்ட கம்பங்களை வளைந்து வளைந்து கடந்து இறங்குவது) பந்தயத்தில் தங்கம் வென்றவர் கரீன் ரூபி. அதாவது ஸ்னோபோர்டில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர். அப்போது வயது 20.

அதற்குப் பிறகு 2002-இல் ஒரு வெள்ளி, மொத்தம் ஆறு உலக சாம்பியன் பட்டங்கள், உலகக் கோப்பைப் பந்தயங்களில் 60-க்கும் மேற்பட்ட வெற்றிகள். 2006-இல் போட்டிகளிலிருந்து விலகினார். 2009-இல் மலையில் நடந்த விபத்தில் இறந்தார். வயது 31.

இணையத்தில் தேடினால் தங்கமும் மரணமும்தான் பெரிதாக வரும். இரண்டுக்கும் நடுவில் இருந்த பத்துப் பதினோரு ஆண்டுதான் உண்மையில் பேச வேண்டியது என்பது என் கருத்து. இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

ஸ்னோபோர்டு என்றால் குதித்துச் சுழல்வதுதானே? அதில் பந்தயம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பது அந்தக் குதிப்பைத்தான். அரைக்குழாய் வடிவப் பள்ளத்தில் ஏறி இறங்குவது, பெரிய மேட்டிலிருந்து பறந்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறங்குவது எல்லாம் நடுவர்கள் மதிப்பெண் போடும் வகை. பந்தயம் வேறு. அங்கே நடுவரின் ரசனைக்கு வேலையே இல்லை. சரிவில் கேட் என்று சொல்லும் கொடிக் கம்பங்களை நட்டிருப்பார்கள். ஒன்றைக்கூட விடாமல் வளைந்து வளைந்து கீழே வர வேண்டும். யார் சீக்கிரம் வருகிறாரோ அவர் ஜெயித்தார்.

இரண்டும் ஒரே விளையாட்டின் பிள்ளைகள். 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீகளை (காலுக்கு ஒன்றாகப் பூட்டிப் பனியில் சறுக்கும் ஒடுங்கிய பலகைகள்) ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்ததுதான் தொடக்கம் என்பார்கள். அதன் மேல் நின்றுகொண்டு, கடலில் அலைச்சறுக்கு செய்வதைப் போலப் பனியில் இறங்கினார்கள். அப்புறம் ஒரு கூட்டம் அதைச் சுதந்திரமான ஆட்டமாகவே வைத்துக்கொள்ள விரும்பியது. இன்னொரு கூட்டம் ஸ்கீ பந்தயத்தில் இருப்பது போலக் கேட்களையும் கடிகாரத்தையும் கொண்டுவந்தது. ஐரோப்பாவில், முக்கியமாக ஆல்ப்ஸ் பக்கத்தில், பந்தய வகை வேர் பிடித்தது. ஷாமோனியில் வளர்ந்த பெண் பந்தயத்துக்குப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஒரே பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு எப்படித் திரும்புகிறார்கள்?

விளிம்பால். பலகையின் இரு பக்கத்திலும் இரும்பு விளிம்பு உண்டு. கால்விரல்களின் பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு பனியைக் கடிக்கும், குதிகாலின் பக்கம் சாய்ந்தால் மறு விளிம்பு. பலகை நடுவில் ஒடுங்கி இரு முனையில் அகன்றிருப்பதால், சாய்த்து அழுத்தினால் அது வில்லாக வளைந்து, அந்த வளைவிலேயே திரும்பும். நன்றாக ஓடுகிறவர் பனியைச் சிதறடிக்க மாட்டார். பின்னால் பென்சிலால் வரைந்தது போல ஒற்றைக் கோடு மட்டும் விழும். சிதறினால் வழுக்குகிறார் என்று பொருள். வழுக்கினால் நேரம் போகும்.

பந்தயப் பலகை நீளமானது, ஒடுக்கமானது, மிக விறைப்பானது. காலணியும் ஸ்கீ காலணி போலக் கெட்டியானது. குதித்து ஆடுகிறவர்கள் போடும் மெத்தென்ற காலணி இதற்கு உதவாது. இரு பாதங்களும் பலகைக்குக் குறுக்காக இல்லாமல் முன்பக்கம் பார்த்தபடி சாய்வாகப் பூட்டப்பட்டிருக்கும். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், உடம்பு பனியைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து திரும்ப இந்த ஏற்பாடு வேண்டும்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்கீ ஓடுகிறவருக்கு இடது வலது இரண்டும் ஒன்றுதான். ஸ்னோபோர்டில் அப்படி இல்லை. ஒரு பக்கத் திருப்பத்தில் முகம் சரிவைப் பார்த்திருக்கும், கணுக்கால் வளைந்து கொடுக்கும். மறுபக்கத் திருப்பத்தில் முதுகு சரிவின் பக்கம், குதிகாலில் உட்கார்ந்தாற்போல் அழுத்த வேண்டும். குதிகால் பக்கத் திருப்பத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுவார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும்போது அந்தத் திருப்பத்தை மட்டும் கவனியுங்கள். யார் ஜெயிப்பார் என்று பாதி வழியிலேயே சொல்லிவிடலாம்.

மேலே எப்படி ஏறுகிறார்கள்? நடந்தா?

(இது எட்டு வயதுப் பையன் கேட்டது.) இல்லை. கம்பிவட வண்டியில். செயின்ட் டெனியில் பாப்பாங்கில் ஏறியிருந்தால் போதும், அதுதான்; கீழே வீடுகளுக்குப் பதில் பனி இருக்கும்.

நகானோவில் என்ன நடந்தது?

1998 பிப்ரவரி. ஷிகா கோகன் பகுதியில் உள்ள யாகெபிதாய் மலை. ஜெயண்ட் ஸ்லாலத்தில் ஒவ்வொருவரும் தனியாக இரண்டு முறை இறங்க வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். கரீன் ரூபி இரண்டாவதாக வந்த ஜெர்மனியின் ஹெய்டி ரெனோத்தைவிட ஏறத்தாழ இரண்டு நொடி முன்னால் முடித்தார். வெண்கலம் ஆஸ்திரியாவின் பிரிகிட்டே கோக்குக்கு. நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இரண்டு நொடி என்பது பெரிய இடைவெளி. பக்கத்தில் யாரும் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அந்த வாரம் செய்தித்தாள்கள் பேசியது வேறு ஒருவரைப் பற்றி. ஆண்கள் ஜெயண்ட் ஸ்லாலத்தில் தங்கம் வென்ற கனடாவின் ராஸ் ரெபக்லியாட்டிக்குப் பரிசோதனையில் கஞ்சா இருந்ததாகப் பதக்கத்தைப் பறித்தார்கள். முறையீட்டுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். உலகம் முழுக்க அதே பேச்சு. இருபது வயதுப் பெண் இரண்டு நொடி வித்தியாசத்தில் ஜெயித்தது அந்தச் சத்தத்தில் அடிபட்டுப் போனது. எனக்கு அது இன்றைக்கும் கொஞ்சம் ஆதங்கம்தான்.

அரைக்குழாய் வகையில் உலகின் முன்னணி வீரராக இருந்த நார்வேயின் டெர்யே ஹாகன்சன் நகானோவுக்கே வர மறுத்தார். காரணம், ஸ்னோபோர்டு வீரர்கள் தாங்களே நடத்திவந்த சர்வதேச அமைப்பு ஒன்று இருக்க, ஒலிம்பிக் குழு இந்த விளையாட்டை ஸ்கீ கூட்டமைப்பின் கையில் கொடுத்தது. ஸ்கீக்காரர்கள் நமக்குச் சட்டம் போடுவதா என்ற கோபம். கரீன் ரூபி அந்தச் சண்டையில் மறுபக்கம் இருந்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் ஓடியது ஸ்கீ கூட்டமைப்பின் உலகக் கோப்பையில், அவ்வளவுதான். அந்தத் தொடர் 1990-களின் நடுவில்தான் தொடங்கியது. 1996-இல் ஆஸ்திரியாவின் லீன்ஸில் அந்தக் கூட்டமைப்பு நடத்திய முதல் ஸ்னோபோர்டு உலக சாம்பியன் போட்டியிலேயே ஜெயண்ட் ஸ்லாலத்தை வென்றார்.

இப்போது ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயத்தைக் காணோமே?

எடுத்துவிட்டார்கள். தனித்தனியாக இறங்கும் ஜெயண்ட் ஸ்லாலம் ஒலிம்பிக்கில் நடந்தது நகானோவில் ஒரே ஒரு முறை. 2002-இல் அதன் இடத்தில் இணை ஜெயண்ட் ஸ்லாலம் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று இரண்டு தடம், இருவர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், தோற்றவர் வெளியே. தொலைக்காட்சிக்கு இதுதான் தோது. கடிகாரத்தோடு ஓடும் ஒற்றை ஆளைப் பார்ப்பதைவிட இருவர் மோதுவதைப் பார்க்க எல்லோருக்கும் பிடிக்கும்.

ஆகவே அந்தப் பழைய வகையில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒரே பெண் கரீன் ரூபி. இனி யாரும் அதை முறியடிக்கவும் முடியாது, சமன் செய்யவும் முடியாது. விசித்திரமான பெருமை. வீராங்கனையின் பக்கமிருந்து பார்த்தால் அது இழப்பும்கூட: உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் கரைத்துக் குடித்த பந்தயத்தையே எடுத்துவிட்டு, வேறு பந்தயத்தை வைக்கிறார்கள்.

வேறு பந்தயம் என்றால் அவ்வளவு வித்தியாசமா? சரிவு ஒன்றுதானே?

ஆமாம், மனதுக்கு வித்தியாசம். தனியாக இறங்கும்போது உங்கள் கணக்கு உங்களோடு. எங்கே துணியலாம், எங்கே அடக்கி ஓடலாம் என்று முதல் இறக்கத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் யோசிக்கலாம். இணைப் பந்தயத்தில் முதலில் நேரம் பார்த்து 16 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் எட்டு, நான்கு, இரண்டு. ஒரே நாளில் திரும்பத் திரும்ப மேலே போய், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒருவர் ஓட, ஒரு சறுக்கல் கூட இல்லாமல் இறங்க வேண்டும். தொடைகள் எரியும். காலையில் அதிவேகமாக ஓடியவர் மதியம் காலிறுதியில் ஒரு கேட்டைத் தவறவிட்டு வீட்டுக்குப் போவது சாதாரணம். பனியும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு தடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், மறு தடம் வழுவழுப்பாக இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் தடத்தை மாற்றி இரண்டு முறை ஓடவிட்டார்கள். இப்போது ஒலிம்பிக்கில் ஒரே ஓட்டம். தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவர் தடத்தைத் தேர்ந்தெடுப்பார். சிவப்பா நீலமா என்பதிலேயே பாதி விதி எழுதப்படுகிறது என்று வீரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் உண்டு.

அந்த மாற்றத்தை அவர் எப்படிச் சமாளித்தார்?

அவரை இந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான். உலகக் கோப்பை என்பது ஒரு நாள் போட்டி அல்ல. குளிர்காலம் முழுக்க நாடு நாடாகப் பயணம் செய்து ஓடுவது. ஒவ்வொரு பந்தயத்திலும் வந்த இடத்துக்கு ஏற்பப் புள்ளி. பருவம் முடிந்ததும் கூட்டிப் பார்த்துப் பட்டம் கொடுப்பார்கள். ஒலிம்பிக் ஒரு நாள் யோகத்தில் கிடைக்கலாம். ஒட்டுமொத்தப் பட்டம் அப்படிக் கிடைக்காது. உடம்பு நோகும் நாளில், பனி பிடிக்காத ஊரில், தூக்கம் கெட்ட காலையில் எல்லாம் முதல் நான்கைந்து இடத்துக்குள் வர வேண்டும்.

கரீன் ரூபி 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று முறை அந்த ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். அடுத்த இரண்டு பருவம் கைநழுவியது. ஒலிம்பிக் தங்கம் வாங்கியாயிற்று, தன் பந்தயத்தை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்தும் விட்டார்கள். இருபத்திரண்டு வயதில் பலர் அங்கேயே போதும் என்று நிறுத்தியிருப்பார்கள். அவர் 2001-இல் திரும்பப் பிடித்தார். 2002, 2003 அதுவும் அவருக்கே. ஆறு ஒட்டுமொத்தப் பட்டம்.

இரண்டாவது மூன்று, முதல் மூன்றைவிடக் கடினமானது. முதல் முறை வென்றபோது விளையாட்டு இளசாக இருந்தது. இரண்டாவது முறை வந்தபோது புது வீராங்கனைகள், புது வடிவப் பலகைகள், புதுப் பந்தய வகைகள். அவர் தனிப் பந்தயம், இணைப் பந்தயம், பலர் ஒன்றாகப் பாயும் கிராஸ் என மூன்றிலும் ஓடி வென்றார். கிரிக்கெட் பார்க்கிற நம் சொந்தக்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்வதானால், டெஸ்டிலும் ஒருநாளிலும் இருபது ஓவரிலும் ஒருவரே தொடர் நாயகன் ஆவது அது.

2002-இல் என்ன?

சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக், பந்தயம் நடந்தது பார்க் சிட்டியில். இணை ஜெயண்ட் ஸ்லாலம் இறுதியில் இரண்டு பேருமே பிரெஞ்சுப் பெண்கள்: கரீன் ரூபி, இசபெல் பிளான். ஜெயித்தது இசபெல் பிளான். வெண்கலம் இத்தாலியின் லிடியா டிரெட்டெலுக்கு. பிரான்சுக்கு அன்றைக்குத் தங்கமும் வெள்ளியும் உறுதி என்பதால் நாடு நிம்மதியாகப் பார்த்தது. ஒரே அணியில் இருந்து, ஒரே பயிற்சியாளர்களோடு பயணம் செய்து, ஒருவரையொருவர் தோற்கடிக்க நிற்பது மட்டும் நிம்மதியான காரியமாக இருந்திருக்க முடியாது.

கிராஸ் என்றால் என்ன?

மேடு, பள்ளம், சாய்ந்த வளைவு, தாவல் எல்லாம் கட்டிய ஒரே தடத்தில் நான்கு பேர் ஒன்றாகப் பாய்வார்கள். 2014, 2018 ஒலிம்பிக்கில் ஆறு பேர். தோளோடு தோள் இடிக்கும், ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவரும் சேர்ந்து விழுவார். முதல் இருவர் அல்லது மூவர் அடுத்த சுற்றுக்கு. இதற்குக் கெட்டிக் காலணி இல்லை, மெத்தென்ற காலணி. தனிமையில் துல்லியமாக ஓடிப் பழகியவருக்குக் கூட்டத்துக்குள் முட்டி மோதுவது பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கரீன் ரூபிக்குப் பிடித்தது. அதிலும் உலக சாம்பியன் ஆனார்.

2006 டூரின் ஒலிம்பிக்கில் கிராஸ் முதன்முதலாக இடம் பெற்றது. அங்கே அவர் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. அந்த இறுதிதான் ஸ்னோபோர்டு வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்டது. அமெரிக்காவின் லிண்ட்சி ஜேகபெல்லிஸ் எல்லோரையும் வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, முடிவுக்குச் சற்று முன்னால் இருந்த தாவலில் பலகையைக் கையால் பிடித்து ஒரு சின்ன அழகு காட்டப் போய் விழுந்தார். பின்னால் வந்த சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படியானால் ஜேகபெல்லிஸ் கதை அத்தோடு முடிந்ததா?

இல்லை. 2010-இல் அரையிறுதியில் வெளியே. 2014-இல் அரையிறுதியில் விழுந்தார். 2018-இல் மயிரிழையில் நான்காம் இடம். நடுவில் உலக சாம்பியன் பட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனாலும் எங்கே போனாலும் 2006 பற்றித்தான் கேட்டார்கள். 2022-இல் பெய்ஜிங்கில், 36 வயதில், தங்கம். மூன்று நாள் கழித்து 40 வயதான நிக் பாம்கார்ட்னருடன் கலப்பு அணிப் பந்தயத்தில் இன்னொரு தங்கம். பெய்ஜிங்கில் அவர் தனியாக வென்ற இறுதியில் வெள்ளி வாங்கியவர் பிரான்சின் குளோயே திரெஸ்பூஷ்.

செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்காதானே எல்லோரிலும் பெரிய ஆள்?

வகுப்பில் இதைக் கேட்ட பெண்ணுக்கு விடையும் தெரியும், வம்புக்குத்தான் கேட்டாள். 2018-இல் லெடெட்ஸ்கா செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்கீயில் சூப்பர்-ஜி என்ற வேக இறக்கப் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் அன்னா ஃபைத்தை நூறில் ஒரு நொடியில் வென்றார். ஒரு வாரம் கழித்து ஸ்னோபோர்டு இணை ஜெயண்ட் ஸ்லாலத்திலும் தங்கம். ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரு வேறு விளையாட்டில் தங்கம் வாங்கிய முதல் பெண் அவர். ஸ்கீ பந்தயம் முடிந்ததும் திரையில் வந்த நேரத்தை நம்பாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். 2022-இல் ஸ்னோபோர்டு தங்கத்தைத் தக்கவைத்தார்.

யார் பெரியவர் என்றால், ஒரே வாரத்தின் உயரத்தை வைத்து லெடெட்ஸ்கா. விடாப்பிடிக்கு ஜேகபெல்லிஸ். ஒரு தலைமுறை முழுக்க எல்லா வகையிலும் ஆண்டதற்குக் கரீன் ரூபி. என் ஓட்டு மூன்றாமவருக்கு. நாம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருப்பதால் இல்லை. (கொஞ்சம் அதுவும் உண்டு.)

விளையாட்டை நிறுத்திய பிறகு என்ன செய்தார்?

28 வயதில் விலகியதும் மலை வழிகாட்டி ஆகப் பயிற்சிக்குப் போனார். நம் ஊரில் சிலாவோஸில் பள்ளத்தாக்கு இறக்கத்துக்கோ மலையேற்றத்துக்கோ கூட்டிப்போகும் வழிகாட்டிகளைத் தெரிந்திருக்கும். ஆல்ப்ஸில் உயர்மலை வழிகாட்டி என்பது இன்னும் நீண்ட படிப்பு. ஷாமோனியில் இருக்கும் தேசிய ஸ்கீ, மலையேற்றப் பள்ளியில்தான் பிரான்சின் வழிகாட்டிகள் எல்லோரும் பட்டயம் வாங்க வேண்டும். சேருவதற்கே ஏறிய மலைகளின் நீண்ட பட்டியலைக் காட்ட வேண்டும்: பாறை, பனிக்கட்டி, பனியாறு, ஸ்கீ எல்லாம். அப்புறம் பல ஆண்டுப் பயிற்சி.

பெண்கள் அதில் மிகக் குறைவு. பிரான்சில் முதல் பெண் வழிகாட்டி மார்ட்டின் ரோலான், 1983-இல்தான். இருபத்தைந்து ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. உலகக் கோப்பையில் 60-க்கும் மேல் ஜெயித்த ஒருவர், தொலைக்காட்சியில் கருத்துச் சொல்லிக்கொண்டோ விளம்பரத்தில் சிரித்துக்கொண்டோ இருக்கலாம். அவர் மறுபடி முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து கயிறு கட்டக் கற்றுக்கொண்டார்.

எப்படி இறந்தார்?

2009 மே 29. மோன் பிளாங் மலைத்தொகுதியில் துர் ரோந்த் என்ற சிகரத்தின் அருகே, பனியாற்றில். ஒரே கயிற்றில் பிணைந்து வந்துகொண்டிருந்தவர்களோடு பனிப்பிளவுக்குள் விழுந்தார். அவரோடு இன்னொருவரும் இறந்தார். வழிகாட்டிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தார்.

பனியாறு என்பது மெல்ல நகரும் பனிக்கட்டி. நகரும்போது ஆழமான வெடிப்புகள் விழும். மேலே புதுப்பனி பாலம் போல மூடிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. மே கடைசி, ஜூன் என்றால் வெயில் ஏற ஏற அந்தப் பாலம் இளகும். அதனால்தான் விடியும் முன்பே கிளம்பிப் பகலுக்குள் திரும்பப் பார்ப்பார்கள்; அதனால்தான் கயிற்றில் பிணைந்து நடப்பார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் பிடித்து நிறுத்த வேண்டும். சில நேரம் விழுகிறவரின் எடையும் வேகமும் மற்றவர்களையும் இழுத்துவிடும்.

அவருடைய அணியில் இருந்த ஜூலி பொமகால்ஸ்கி, 1999-இல் கிராஸ் உலக சாம்பியன், அவரும் 2021 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்.

அப்படியானால் இது ஆபத்தான விளையாட்டு. பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?

இரண்டு விபத்தும் பந்தயத்தில் நடக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொல்வேன். பந்தயத் தடம் வேறு, காட்டு மலை வேறு. தடத்தில் பனியை இயந்திரத்தால் சமன் செய்து, ஓரத்தில் வலை கட்டி, மருத்துவரை நிறுத்தி, தலைக்கவசம் இல்லாமல் யாரையும் விடுவதில்லை. அங்கே காயம் வராது என்று சொல்லவில்லை. முழங்கால் தசைநார் கிழிவது, மணிக்கட்டு முறிவது, தலையில் அடி எல்லாம் உண்டு, கிராஸில் அதிகம். புதிதாகக் கற்கிறவர்களுக்கு மணிக்கட்டுதான் முதலில் போகும், ஏனென்றால் விழும்போது கையை ஊன்றுவோம். மணிக்கட்டுக் காப்பு வாங்கிக் கொடுங்கள், வாடகைக் கடையில் தராவிட்டாலும்.

"பெண் பிள்ளையை" என்று கேட்டதற்குப் பதில்: பையனை அனுப்பும்போது கேட்கும் அதே கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சியாளர் யார், காப்பீடு உண்டா, தடத்துக்கு வெளியே கூட்டிப்போவார்களா. மூன்றாவதுதான் முக்கியம்.

நம் தீவுப் பிள்ளை ஒருவர் இதில் வர முடியுமா? இங்கே பனியே இல்லையே?

நம் தீவின் உயரமான மலை பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர். ஜூலை, ஆகஸ்டில் உச்சியில் தண்ணீர் உறையும். சறுக்கும் அளவுக்குப் பனி தங்காது. எனவே இங்கிருந்து ஸ்னோபோர்டு பந்தய வீராங்கனை உருவாக வழி இல்லை, சின்ன வயதிலேயே ஆல்ப்ஸ் பக்கம் குடிபோனால் ஒழிய. இதில் யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை.

போனால் முடியும் என்பதற்குப் பக்கத்துத் தீவிலேயே ஆள் இருக்கிறார். மடகாஸ்கரில் பிறந்து, குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு ஓத்-சவுவாவில் வளர்ந்த மியாலிதியானா கிளேர், 2018-லும் 2022-லும் மடகாஸ்கர் கொடியின் கீழ் ஒலிம்பிக்கில் ஸ்கீ ஓடினார். கரீன் ரூபி பிறந்த அதே மலைப் பகுதி. இந்தியாவின் பக்கம் பார்த்தால், மலையாளத் தகப்பனாருக்குப் பிறந்து மணாலியில் வளர்ந்த சிவ கேசவன் 1998 நகானோவில் தொடங்கி 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் என்ற சறுக்குவண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டார். நகானோவில் அவருக்கு வயது 16.

பலகை மேல் நிற்கும் கலை நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ரீயூனியனில் வளர்ந்த ஜொஹான் தெஃபே 2024-இல் தாஹித்தியில் நடந்த ஒலிம்பிக் அலைச்சறுக்கில் வெண்கலம் வாங்கினார். சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல் நம் கடலில் அலைச்சறுக்குக்குக் கட்டுப்பாடு. அதனால் பல பிள்ளைகள் சக்கரப்பலகைக்கு மாறினார்கள். அந்தச் சமநிலை பனியில் வீணாகாது. ஆனால் விளிம்பை அழுத்தித் திரும்புவது வேறு பாடம், அதைப் பனியில்தான் படிக்க முடியும்.

படிக்கப் போகிற பிள்ளைகள் பழகலாமா? செலவு?

தாராளமாக. கிரெனோபிள், ஷாம்பெரி, ஆன்சி பக்கம் பல்கலைக்கழகத்தில் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் பெயர் கொடுங்கள். பேருந்து, லிஃப்ட் சீட்டு, பயிற்சி எல்லாம் சேர்த்துக் குறைந்த விலையில் கூட்டிப்போவார்கள். இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். தனியாகப் போனால் லிஃப்ட் சீட்டுதான் பர்ஸைக் காலி செய்யும். பலகையும் காலணியும் வாடகைக்கு எடுங்கள். உடைகளைப் பழசாகவே வாங்கலாம். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊர் உடம்புக்கு முதலில் குளிர் ஏறுவது விரல்களில்தான்.

அடுத்து எப்போது பார்க்கலாம்?

ஒலிம்பிக்குக்குக் காத்திருக்க வேண்டாம், உலகக் கோப்பை ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறது. 2030 குளிர்கால ஒலிம்பிக் பிரெஞ்சு ஆல்ப்ஸிலேயே. பிப்ரவரியில் நாம் பிரான்சைவிட மூன்று மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே காலை பத்து மணிப் பந்தயம் நமக்கு மதியம் ஒரு மணி. நகானோ பந்தயங்களைப் பார்க்க விடியற்காலையில் எழுந்தவர்களுக்கு இது சொகுசு. தைப்பூசம் சில ஆண்டு பிப்ரவரியில் வரும் என்பதால், காவடி எடுக்கிற வீட்டுக்காரர்கள் நாட்காட்டியை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.